காரைக் கட்டி ஓட்டிய கரிவரதன்



சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் சத்திரம் பேருந்து நிலையத்தில் கூட்டம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. துறையூர் பஸ்சுக்கு ஒரு கும்பல், முசிறிக்கு ஒரு கும்பல், ஸ்ரீரங்கத்துக்குப் போகிறவர்கள் ஒரு ஓரம். அந்தக் கும்பலுக்குள் கையில் ட்ராஃப்டருடன் நாலைந்து பேர் நின்று சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தால் அது நம்ம டிபார்ட்மெண்ட் பசங்கதான். சண்டை எதைப் பற்றி? ஃபார்முலா ஒன். ஹாமில்டன் ஃபெராரிக்குப் போனது சரியா தப்பா, வெர்ஸ்டாப்பனை மழையில் ஜெயிக்க ஆள் உண்டா, மெக்லாரன் பிட் ஸ்டாப்பில் ஏன் சொதப்புகிறார்கள் என்று பஸ் ரெண்டைக் கூட விட்டுவிட்டுப் பேசுவோம். சீசன் முழுக்க யாருக்கு எத்தனை பாயிண்ட் என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைக்கிற ஆட்களும் உண்டு. அப்ளைடு மெக்கானிக்ஸ் ஃபார்முலா மறந்தாலும் மறக்கும், இது மறக்காது!

இப்படிப் பேசுகிற நம்மில் எத்தனை பேருக்குக் கரிவரதனைத் தெரியும்? இங்கிருந்து சுமார் இருநூறு கிலோமீட்டர் தூரத்தில், கோயமுத்தூரில் இருந்த மனிதர். இந்தியாவில் சாதாரணப் பையன் ஒருவன் ரேஸ் காரில் உட்காரலாம் என்ற நிலையை உண்டாக்கியவர். பேரவை மலருக்கு ஒரு பெரியவரைப் பற்றி எழுதச் சொன்னபோது விஞ்ஞானிகள், தலைவர்கள் பெயரெல்லாம் மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு இவர் போதும்.

முதலில் பெயர். ஸ்ரீரங்கத்துப் பசங்களுக்குக் கேட்டவுடனே புரியும். கரி என்றால் யானை. யானைக்கு வரம் கொடுத்த பெருமாளின் பெயர். கொங்கு நாட்டில் கரிவரதராஜப் பெருமாள் கோயில்கள் பல உண்டு. ஆனால் ரேஸ் உலகத்தில் அவரை யாரும் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவர் 'கரி'.

லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஜி. குப்புசாமி நாயுடு 1910-ல் தொடங்கிய அந்த மில்லைத் தெரியாதவர்கள் கோவையில் இல்லை. ஆக, பணம் இருந்தது, வசதி இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. வசதி உள்ள வீட்டுப் பிள்ளை வெளிநாட்டுக் கார் வாங்கி ஓட்டுவது அதிசயமில்லை. இவர் என்ன செய்தார் என்பதுதான் விஷயம்.

கோயமுத்தூர் எப்படிப்பட்ட ஊர் என்பதையும் சொல்ல வேண்டும். பஞ்சாலைக்குப் பக்கத்தில் ஃபவுண்டரி, ஃபவுண்டரிக்குப் பக்கத்தில் லேத் பட்டறை, பட்டறைக்குப் பக்கத்தில் பம்ப் செட் கம்பெனி. ஜி.டி. நாயுடு 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவில் ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டத் தொடங்கி, பிறகு மோட்டார் தயாரிப்பு வரை போன ஊர். ஒரு சாமான் வெளியில் கிடைக்கவில்லை என்றால் நாமே செய்துவிடலாம் என்று நினைப்பது அந்த ஊர்க்காரர்களின் பழக்கம். கரிக்கும் அந்தப் பழக்கம் இருந்தது.

அவர் ஓட்டத் தொடங்கிய காலத்தில் தமிழ்நாட்டில் ரேஸ் என்றால் சோழவரம். சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போட்ட விமான ஓடுதளம். போர் முடிந்து விமானங்கள் போன பிறகு அந்தக் கான்கிரீட் தரை சும்மா கிடந்தது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே வருஷா வருஷம் பந்தயம் நடத்தியது. ஓடுதளம் என்பதால் நேர் ரோடு நீளமாக இருக்கும், முறுக்கிவிட்டுப் போகலாம். ஆனால் அந்த நீளத்தின் கடைசியில் பிரேக் பிடித்துத் திரும்ப வேண்டும், அங்கேதான் ஆள் யார் என்று தெரியும். ஜனம் திருவிழா மாதிரி கூடும்.

ஓடிய கார்கள் என்னென்ன? நம் தாத்தாக்கள் கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு எடுத்த ஃபியட், அம்பாசிடர், ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. இவற்றைத்தான் பிரித்து மேய்ந்து, எஞ்சினைக் குடைந்து, எடையைக் குறைத்து ஓட்டினார்கள். வெளிநாட்டிலிருந்து அசல் ரேஸ் கார் கொண்டுவருவது ராஜா வீட்டுக்கும் பெரிய தொழிலதிபர்களுக்கும் மட்டுமே முடிகிற காரியம். விஜய் மல்லையா ஒரு என்சைன் ஃபார்முலா ஒன் காரையே சோழவரத்தில் ஓட்டியது அந்தக் காலத்துக் கதைதான். இறக்குமதிக்கு லைசென்ஸ், அதற்கு மேல் வரி, ஒரு பேரிங் போனால் லண்டனுக்குக் கடுதாசி. இதுதான் நிலைமை. பணக்காரனுடைய இறக்குமதிக் காரும், பட்டறைக்காரனுடைய பழைய ஃபியட்டும் ஒரே ஊரில் ஓடினால் அதில் டிரைவருடைய திறமையை எப்படி அளப்பது?

கரி அந்தச் சோழவரத்தில் ஓட்டிப் பெயர் வாங்கினார். ஓட்டுவதோடு நிற்கவில்லை, காரைக் கட்டினார். சும்மா சொல்லக்கூடாது, ஸ்டியரிங்கும் பிடித்து, வெல்டிங் கண்ணாடியும் போட்ட ஆட்கள் உலகத்திலேயே குறைவு. ஓட்டுகிறவனுக்குக் கார் எங்கே வழுக்குகிறது என்று முதுகில் தெரியும், கட்டுகிறவனுக்கு அது ஏன் என்று தெரியும். ரெண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் நடுவில் கடிதப் போக்குவரத்து தேவையில்லை!

பிறகு 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 796 சிசி, மூன்று சிலிண்டர், நாற்பது குதிரைத்திறனைக்கூடத் தொடாத சின்ன எஞ்சின். ஊரே அதைக் குடும்பக் காராகப் பார்த்தது. கரி அதில் ரேஸ் காரைப் பார்த்தார். 1980-களின் கடைசியில் அவர் உருவாக்கிய கார்தான் ஃபார்முலா மாருதி. ஃபார்முலா இண்டியா சிங்கிள் சீட்டர் மாருதி எஞ்சின் என்று நீட்டிச் சொல்வார்கள், சுருக்கமாக ஃபிஸ்மி.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் இது நம் பாடம். மாருதி 800 முன்சக்கரத்தில் இழுக்கிற கார். எஞ்சின், கியர் பாக்ஸ், டிஃபரென்ஷியல் மூன்றும் ஒரே கட்டாக முன்னால் இருக்கும். அந்தக் கட்டை அப்படியே கழற்றி டிரைவருக்குப் பின்னால் வைத்துவிட்டால், இழுக்கிற கார் தள்ளுகிற காராக மாறிவிடும். நீளமான புரொப்பெல்லர் ஷாஃப்ட் வேண்டாம், புதிதாக கியர் பாக்ஸ் வார்க்க வேண்டாம், எடை பின்சக்கரத்தின் மேல் உட்காரும், கிளம்பும்போது பிடிப்பு கிடைக்கும். சேசிஸுக்கு இரும்புக் குழாய்களை முக்கோணம் முக்கோணமாக வெல்டிங் வைத்த கூண்டு. ஏன் முக்கோணம் என்று ஸ்ட்ரக்சர் வகுப்பில் தூங்காதவர்களுக்குத் தெரியும். நாலு பக்கச் சட்டம் தள்ளினால் சாயும், மூன்று பக்கச் சட்டம் சாயாது. மேலே ஃபைபர் கிளாஸ் உடம்பு. உள்ளே ஒரே ஒரு சீட். ரேடியோ, கண்ணாடி, கதவு, பின் சீட்டு எல்லாம் போன பிறகு அந்தச் சின்ன எஞ்சின் சுமக்க வேண்டியது எவ்வளவு குறைகிறது என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். குதிரைத்திறனைக் கூட்டுவதற்குச் செலவு ஆகும், கிலோவைக் குறைப்பதற்கு ஹாக்ஸா பிளேடு போதும்.

இந்த யோசனை உலகத்துக்குப் புதிது இல்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் எஞ்சினை வைத்து 1960-களில் ஃபார்முலா வீ ஓடியது. இங்கிலாந்தில் 1967-ல் ஃபார்முலா ஃபோர்டு வந்தது. நாம் தலையில் வைத்துக் கொண்டாடுகிற அயர்டன் சென்னா 1981-ல் பிரேசிலிலிருந்து இங்கிலாந்து போய் முதலில் உட்கார்ந்தது அந்த ஃபார்முலா ஃபோர்டு காரில்தான். ரோட்டில் ஓடுகிற சாதாரணக் காரின் எஞ்சின், எல்லோருக்கும் ஒரே எஞ்சின், அப்புறம் உன் கையில் என்ன இருக்கிறது காட்டு. கரி செய்தது இந்த நியாயத்தை நம் ஊர்ச் சாமான்களில் கட்டியது. கார்பரேட்டர் அடைத்தால் கோவையில் எந்த மெக்கானிக்கும் திறப்பான். கிளட்ச் போனால் பக்கத்துக் கடையில் கிடைக்கும். லண்டனுக்குக் கடுதாசி போட வேண்டாம்.

அந்தச் சமயத்தில் இன்னொரு நல்ல காரியமும் நடந்தது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் கிளப் சொந்தமாக ஒரு தடம் போட்டது. 3.7 கிலோமீட்டர் நீளம், ரேஸுக்கென்றே போட்ட வளைவுகள். கார் தயார், தடம் தயார். வேண்டியது பசங்கள்தான்.

வந்தார்கள். கோவையிலிருந்து நரேன் கார்த்திகேயன் வந்தார். அவருடைய அப்பா ஜி.ஆர். கார்த்திகேயன் தென்னிந்திய ராலியில் ஏழு முறை ஜெயித்தவர், எனவே பெட்ரோல் வாசனை வீட்டிலேயே இருந்தது. ஆனால் பையன் ஃபார்முலா காரில் கற்றுக்கொண்டது கரி கட்டிய ஃபார்முலா மாருதியில். முதல் பந்தயத்திலேயே முதல் மூன்று இடத்துக்குள் வந்தார். 1994-ல் பிரிட்டனில் ஃபார்முலா ஃபோர்டு குளிர்காலத் தொடரின் சாம்பியன் ஆனார், ஐரோப்பாவில் ஒரு சாம்பியன் பட்டம் வாங்கிய முதல் இந்தியர். அஜித்குமார் ரசிகர்கள் கொஞ்சம் கவனியுங்கள், உங்கள் தல 2002-ல் ஓட்டியதும் ஃபார்முலா மாருதி சாம்பியன்ஷிப்பில்தான், நான்காவது இடம். கட்டியவர் போன பிறகும் அந்த வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

ஆம், அவர் போய்விட்டார். 1995 ஆகஸ்டில் சிறு விமான விபத்தில் இறந்தார். வயது நாற்பதைச் சற்றுத் தாண்டியிருந்தது, அவ்வளவுதான். எத்தனையோ வருஷம் ரேஸ் காரில் சுற்றியவரை ரேஸ் தடம் ஒன்றும் செய்யவில்லை. நரேன் அப்போது பதினெட்டு வயதுப் பையன். ஃபார்முலா ஒன்னில் ஒரு இந்தியன் என்ற பேச்சு எடுத்தாலே சிரிப்பார்கள், அந்தக் காலம்.

இதற்கு மேல் நான் சொல்வது வரதனின் வாழ்க்கை இல்லை, ஆனால் அதன் பாக்கி. 2005 மார்ச் 6, மெல்பர்ன். ஜோர்டான் அணியின் மஞ்சள் காரில் நரேன் கார்த்திகேயன் பன்னிரண்டாவது இடத்தில் புறப்பட்டு, பதினைந்தாவதாக முடித்தார். ஃபார்முலா ஒன்னில் முதல் இந்தியர். அதே வருஷம் ஜூனில் இண்டியானாபொலிஸில் நான்காவது இடம், ஐந்து பாயிண்ட். மிஷெலின் டயர் தாங்காது என்று பதினான்கு கார்கள் விலகிப்போய் ஆறே கார் ஓடிய பந்தயம் அது. அதனால் அந்த நான்காவது இடம் செல்லுமா செல்லாதா என்று நம் கோஷ்டியில் இரண்டு கட்சி உண்டு. என் கட்சி, செல்லும். ஆறு காரில் ஒருவராக இருப்பதற்கு முதலில் அந்த இருபது காரில் ஒருவராக இருந்தாக வேண்டும்.

அவருக்குப் பின் 2010-ல் கருண் சந்தோக். 2011 முதல் 2013 வரை டெல்லிப் பக்கம் புத் சர்க்யூட்டில் இந்தியன் கிராண்ட் பிரீ, மூன்றையும் ஜெயித்தது வெட்டல். அதோடு நின்றது. அடுத்த இந்தியர் யார் என்ற கேள்விக்கு ஜெஹான் தாருவாலா, குஷ் மைனி என்று பெயர்கள் வருகின்றன, இருவரும் ஃபார்முலா டூவில் பந்தயம் ஜெயித்தவர்கள். ஆனாலும் அந்தக் கடைசிப் படி ஏறவில்லை. என் அபிப்பிராயம், திறமை குறைவில்லை, காசுதான். ஐரோப்பாவில் ஒரு சீசன் ஓட்ட ஆகும் செலவைக் கேட்டால் நம் வீடுகளில் மயக்கம் போட்டு விழுவார்கள். கரி அடித்த இடம் அதுதான், ஆனால் முதல் படியைத்தான் அவரால் இறக்கி வைக்க முடிந்தது. மேல் படிகள் இன்னும் உயரத்திலேயே இருக்கின்றன.

அதே சமயம் ரேஸ் என்றால் டிரைவர் ஒருவர் மட்டுமில்லை என்பதை டிப்ளமோ படிக்கிற நாம் யோசிக்க வேண்டும். ஒரு காரை ஓட்ட ஒரு ஆள், ஓட வைக்கப் பல ஆள். கேம்பர் அளக்க, டயர் பிரஷர் பார்க்க, வளைந்த விஷ்போனை ராத்திரியோடு ராத்திரியாக நிமிர்த்த ஆள் வேண்டும். கோவையில் கரிக்குப் பின் அந்தத் தொழில் நிற்கவில்லை. அந்த ஊரில் ரேஸ் கார் கட்டுவது இன்றும் நடக்கிறது.

செட்டிபாளையத்தில் 2003-ல் ஒரு ரேஸ் தடம் திறந்தார்கள். நீளம் சுமார் இரண்டு கிலோமீட்டர். அவர் பெயரையே வைத்தார்கள், கரி மோட்டார் ஸ்பீட்வே. போன வருஷம் நாங்கள் நாலு பேர் ராத்திரி பஸ் பிடித்து அங்கே போனோம். டிவியில் பார்ப்பது வேறு, கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்பது வேறு. இருபதுக்கும் மேற்பட்ட எல்ஜிபி ஃபார்முலா கார்கள் ஒன்றாக முதல் வளைவுக்கு வரும்போது பேச்சு வராது.

இடைவேளையில் பேடாக் பக்கம் எட்டிப் பார்த்தோம். ஒரு காரின் பின் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு நம் வயசுப் பையன் ஒருவன் குனிந்து ஸ்பேனர் போட்டுக்கொண்டிருந்தான். குழாய்க் கூண்டு, ஒற்றை சீட், சீட்டுக்குப் பின்னால் எஞ்சின். என்ன எஞ்சின் என்று கேட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு மாருதி ஸ்விஃப்ட் என்றான்.