கல்லிலிருந்து கண்ணாடி வரை: நாராயண குருவின் வாழ்வு

திருவனந்தபுரத்தையடுத்த செம்பழந்தி என்னும் சிற்றூரில், ஈழவர் குலத்தில், 1850களின் நடுவில் தோன்றியவர் நாராயண குரு. தந்தையார் மாடன் ஆசான் ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர். அந்நாளில் ஈழவர் உயர்சாதியார் கோயில்களுள் நுழைதல் கூடாது. புலையர், பறையர் நிலையோ அதனினும் கொடிது. அதனை நம் முன்னோர் பட்டறிந்தனர்.

வடமொழியும் தமிழும் நன்கு கற்ற அவர், இல்லறம் துறந்து அலைந்தார். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து மருத்துவாழ்மலைக் குகையில் தவமிருந்தார். கடவுள் யார் என்னும் வினாவும் நான் யார் என்னும் வினாவும் அவர் உள்ளத்தில் ஒன்றாயின என்றே நாம் கருதுகிறோம். பின்னாளில் அவர் இயற்றிய ஆத்மோபதேச சதகம் என்னும் நூறு பாடல்களின் பொருளும் அதுவே.

1888ஆம் ஆண்டு சிவராத்திரியன்று அருவிப்புறத்தில் நெய்யாற்றினின்று ஒரு கல்லை எடுத்துச் சிவனாக நிறுவினார். பிராமணர்க்கே உரியதெனப்பட்ட செயல் அது. உரிமை ஏது என வினவியோர்க்கு, தாம் நிறுவியது ஈழவர் சிவனையே என விடையிறுத்தார் என்பர். அவ்விடையில் உள்ள நகையையும் நாம் சுவைக்கலாம்!

கோயில்கள் பல எழுந்தன. ஆயினும் 1917இல், இனிக் கோயில் கட்டுவதினும் பள்ளி கட்டுவதே தக்கது என அறிவுறுத்தினார். கோயிலைத் தம் குலத்தார்க்கு மட்டும் உரியதாக்கி, தமக்குக் கீழென எண்ணியோரை வெளியே நிறுத்த முயன்ற ஈழவரும் இருந்தனர். குரு அதற்கு இசைந்தாரல்லர். புலையர் சிறுவர்களை ஆசிரமத்தில் சேர்த்துக் கல்வி புகட்டினார்.

கருவறைகளும் மாறின. காரமுக்கில் விளக்கு ஒன்றையே நிறுவினார். 1922இல் முருக்கும்புழையில் வாய்மை, அறம், அருள், அமைதி என்னும் சொற்களைப் பொறித்து வைத்தார். 1927இல் சேர்த்தலையையடுத்த களவங்கோட்டில், சிலை வேண்டும் என்போரும் வேண்டா என்போரும் வழக்கிட்டனர். குரு ஒரு கண்ணாடியை வருவித்து, அதில் ஓங்காரம் விளங்கச் செய்து கருவறையில் நிறுவினார். வணங்க வந்தோர் தம் முகத்தையே கண்டனர். சிலர் ஏமாற்றமே அடைந்திருப்பர். ஆனால், தீண்டத்தகாதது எனப் பிறர் இகழ்ந்த அம்முகம் கருவறையில் தெரிந்தபோது ஓர் உழவன் நெஞ்சில் எழுந்த நடுக்கத்தை எண்ணிப் பார்ப்போமாக.

1928 செப்டம்பர் 20ஆம் நாள் வர்க்கலை சிவகிரியில் குரு மறைந்தார். திருவிதாங்கூர் அரசின் கோயில்கள் எல்லா இந்துக்களுக்கும் திறக்கப்பட்டது அதன்பின் எட்டாண்டு கழித்து, 1936 நவம்பரில்தான்.