சிறைக்கூடத்தில் எழுந்த சிற்றாலயம்



கோடை நீண்டுபோகும் காலங்களில் நமது மட்டக்களப்பு வாவியின் முகத்துவாரத்தை மணல் மூடிக்கொள்வதை நீங்கள் அறிவீர்கள். கடலுக்குப் போகும் வழி அடைபட்டுவிடும். அதற்காக வாவியில் தொழில் செய்கின்றவர் வலையைச் சுருட்டி வைத்துவிட்டு வீட்டில் இருப்பதில்லை. அடைபட்ட வாவியிலும் மீன் உண்டு, இறால் உண்டு, நண்டு உண்டு. மாரி வந்து நீர் பெருகும்போது மணற்றிட்டு வெட்டப்படும், அல்லது தானே உடைத்துக்கொள்ளும். அந்த நாள் வரும்வரை தோணிக்கு வேலை இருக்கின்றது.

நம்முடைய வாழ்விலும் வழிகள் அடைபடுகின்றன. பிள்ளைக்கு வேலை கிடைக்கவில்லை, மகளுக்கு மணம் கூடிவரவில்லை, நோய் தீரவில்லை, கடன் குறையவில்லை. கடவுளை நம்பு என்று பிறர் சொல்வது சுலபம். ஆனால் வழி அடைபட்டிருக்கும்போது எப்படி நம்புவது? நம்பிக்கை என்றால் கைகட்டிக் காத்திருப்பதா? இந்தக் கேள்விக்குத் தம் வாழ்வாலேயே விடை தந்தவர் இலங்கையின் அப்போஸ்தலர் என்று நாம் போற்றும் புனித யோசப் வாஸ் அடிகளார். அவருடைய வரலாற்றைத் தடைகளின் வரலாறு என்றே சொல்லலாம்.

1651-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள், கோவாவைச் சேர்ந்த பெனோலிம் என்னும் ஊரில், தாயாரின் இல்லத்தில் அவர் பிறந்தார். அவருடைய தாய்மொழி கொங்கணி. போர்த்துக்கேயமும் இலத்தீனும் கற்று, 1676-இல் குருப்பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே தம்மைத் தேவமாதாவின் அடிமையாக ஒப்புக்கொடுத்து ஒரு பத்திரம் எழுதிக் கைச்சாத்திட்டார். இனித் தம் வாழ்வு தமது கையில் இல்லை என்று எழுதிக் கொடுத்த மனிதர் அவர். பின்னால் நடந்தவற்றையெல்லாம் விளங்கிக்கொள்ள அந்தப் பத்திரத்தை நாம் மனதில் வைத்திருக்க வேண்டும்.

அந்நாளில் இலங்கையின் நிலை என்ன? மட்டக்களப்புக் கோட்டை 1638-இலேயே போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்குப் போய்விட்டது. 1658-இல் யாழ்ப்பாணமும் வீழ்ந்தது. கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று அதே ஆண்டில் ஒல்லாந்தர் கட்டளை பிறப்பித்தார்கள். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கரையோர மக்களுக்குப் பூசையில்லை, பாவசங்கீர்த்தனமில்லை, அவஸ்தைப் பூசுதலில்லை. பிள்ளைகள் பிறந்தார்கள், வளர்ந்தார்கள், ஒரு குருவின் முகத்தைக் காணாமலே தாங்களும் பெற்றோரானார்கள்.

இச்செய்தி கேட்ட நாளிலிருந்து வாஸ் அடிகளாரின் மனம் இலங்கையிலேயே இருந்தது. ஆனால் முதல் தடை திருச்சபைக்குள்ளிருந்தே வந்தது. இலங்கைக்குப் போக விரும்பிய அவரை மேலதிகாரிகள் 1681-இல் கன்னடக் கரைக்கு அனுப்பினார்கள். அவர் முணுமுணுக்கவில்லை. அங்கே சிதறிக் கிடந்த மந்தையைக் கூட்டிச் சேர்க்கும் வேலையில் மூன்று ஆண்டுகள் செலவழித்தார். சிதறிய மக்களை எப்படி ஒன்றுசேர்ப்பது என்பதை அங்கேதான் கைப்பழக்கமாகக் கற்றுக்கொண்டார். பின்னர் இலங்கையில் அவருக்கு வேண்டியிருந்த கல்வி அதுவே. தேவ பராமரிப்பு அவரை வேறு வழியால் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருந்தது.

கோவாவுக்குத் திரும்பிய பின், 1685-இல், ஒரட்டோரியன் சபையாக உருவாகிக்கொண்டிருந்த குருக்களின் சிறு குழுவிலே சேர்ந்தார். 1687-இல், யோவான் என்னும் உண்மையுள்ள ஊழியனோடு தூத்துக்குடியிலிருந்து தோணியேறினார். குருவுடை இல்லை. இடுப்பில் ஒரு துண்டு, கூலியாளின் கோலம். நடுக்கடலிலே புயல் அடித்தது. அதில் தப்பி யாழ்ப்பாணம் சேர்ந்தபோது வயிற்றுளைச்சல் அவரைப் பிடித்துக்கொண்டது. நோயாளியான அந்நியனை ஏற்றுக்கொள்ள ஆளில்லாமல் ஊரின் ஓரத்தில் கிடந்தார். இரக்கமுள்ள ஒரு பெண் கொடுத்த கஞ்சியே அவரைப் பிழைக்க வைத்தது என்று வரலாறு சொல்கிறது.

எண்ணிப் பாருங்கள். முப்பது ஆண்டுகளாகக் குருவுக்காக ஏங்கிய நாட்டில் ஒரு குரு வந்து இறங்குகிறார். இறங்கியதும் தெருவோரத்தில் சாகக் கிடக்கிறார். அவருக்கு அன்று எவ்வளவு கேள்விகள் எழுந்திருக்கும்! ஆனால் சற்றே எழுந்து நடக்க முடிந்ததும் கழுத்திலே செபமாலையைத் தொங்கவிட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்கத் தொடங்கினார். செபமாலையைக் கண்டு எந்த வீட்டாரின் முகம் மாறுகிறதோ அந்த வீட்டில் விசுவாசம் உயிரோடு இருக்கிறது என்று அறிந்துகொண்டார். இப்படியே மறைந்திருந்த மந்தையைக் கண்டுபிடித்தார். பின்பு சில்லாலை மக்கள் அவரைத் தங்கள் உயிரைப்போல் காப்பாற்றினார்கள். பகலில் ஒளிந்திருந்து, இரவில் பூசை செய்து, விடியுமுன் இடம் மாறுவது அவருடைய வழக்கமாயிற்று.

1689-ஆம் ஆண்டு நத்தார் இரவு வந்தது. யாழ்ப்பாணத்தில் பூசைக்காகக் கூடியிருந்த மக்கள் மீது ஒல்லாந்தப் படையினர் பாய்ந்தார்கள். பலர் பிடிபட்டனர். ஒருவர் அடிபட்டே உயிர்விட்டார். வேறு சிலர் கடும் வேலையில் வதைபட்டு மாண்டனர். அடிகளாரோ தப்பினார்.

இந்த இடத்தில் நாம் கொஞ்சம் நிற்க வேண்டும். அவரைக் காத்த கடவுள் மற்றவர்களை ஏன் காக்கவில்லை என்று கேட்கத் தோன்றும். வாவிக்கரை மக்களாகிய நமக்கு இது புத்தகக் கேள்வியல்ல. 1978 நவம்பர் சூறாவளியின் பின் கேட்டோம். 2004 டிசம்பர் 26 கடற்கோளின் பின் கேட்டோம். யுத்த காலத்தில் எத்தனையோ வீடுகளில் இந்தக் கேள்வி அழுகையோடு எழுந்தது. 2019-ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று நமது பட்டினத்துச் சீயோன் தேவாலயத்திலே செபிக்க வந்த மக்களும் சிறுபிள்ளைகளும் கொல்லப்பட்டபோதும் கேட்டோம். அதுவும் ஓர் ஏப்ரல் 21. இதற்கு நேரான பதில் எவரிடமும் இல்லை. வாஸ் அடிகளாரிடமும் இருந்ததாகத் தெரியவில்லை. தம்மை ஏற்றுக்கொண்டதற்காகப் பிறர் மாண்டார்கள் என்ற பாரத்தை அவர் தம் நாள் முழுவதும் சுமந்தே நடந்தார். ஆனாலும் நடந்தார். கேள்வி தீர்ந்த பிறகு நம்புவோம் என்று அவர் காத்திருக்கவில்லை.

வேதகலாபனையினால் வடக்கை விட்டு, கண்டி அரசனின் ஆட்சிக்குட்பட்ட புத்தளத்துக்குப் போனார். அங்கிருந்து 1692-இல் கண்டிக்குப் புறப்பட்டார். அரசனிடம் அடைக்கலம் கிடைக்கும், பகிரங்கமாக வேதம் போதிக்கலாம் என்பது அவருடைய எண்ணம். கிடைத்ததோ விலங்கு. அவரைப் போர்த்துக்கேய ஒற்றன் என்று பகைவர் அரசனிடம் சொல்லிவிட்டார்கள். இரண்டாம் விமலதர்மசூரியன் அவரைச் சிறைவைத்தான். வழி முழுவதும் அடைபட்டது.

சிறையில் அவர் என்ன செய்தார் தெரியுமா? சிங்களம் படித்தார். வெளியே இருந்திருந்தால் மொழி கற்க ஓய்வு எங்கே கிடைத்திருக்கும்? தப்பியோட முயலாத கைதி என்று காவலர் கண்டு சற்றே கட்டுப்பாட்டைத் தளர்த்தியதும், சிறையிருந்த இடத்திலேயே குடிசைபோல ஒரு சிற்றாலயம் அமைத்தார். அங்கே பூசை நடந்தது. கண்டியிலிருந்த கத்தோலிக்கர் மெல்ல மெல்ல அதைத் தேடி வந்தார்கள். குரு மக்களைத் தேடிப் போக முடியாதபோது மக்கள் குருவைத் தேடிச் சிறைக்கு வந்தார்கள்.

பின்னர் கொடிய வரட்சி வந்தபோது, அரசனின் வேண்டுகோளின்படி அவர் திறந்த வெளியில் பீடமும் சிலுவையும் நாட்டிச் செபித்தார் என்றும், மழை கொட்டியது என்றும் மரபு கூறும். அரசன் அவருக்கு வேதம் போதிக்க அனுமதி தந்தான். மழையின் அற்புதத்தை நாம் விரும்பிக் கேட்கிறோம். அந்த மழைக்கு முன் அவர் சிறையில் பொறுமையோடு கழித்த நாட்களை மறந்துவிடக் கூடாது.

1697-இல் கண்டியில் வைசூரி பரவியது. அரசன் நகரை விட்டு அகன்றான். சொந்தப் பிள்ளைகளையே பெற்றோர் காட்டில் விட்டுப் போன கொடுமையும் நடந்தது. அடிகளாரும், அவருடைய மருமகனாகிய யோசப் கர்வாலோ சுவாமியும் நோயாளிகளைத் தூக்கி வந்து, கழுவி, கஞ்சி ஊட்டி, இறந்தவர்களை அடக்கம் செய்தார்கள். கிறீஸ்தவரா, பௌத்தரா என்று பார்க்கவில்லை. ஒருகாலத்தில் யாழ்ப்பாணத் தெருவோரத்தில் தாம் குடித்த கஞ்சியைக் கண்டியில் அவர் பன்மடங்காகத் திருப்பிக் கொடுத்தார்.

கோவாவிலிருந்து வந்து சேர்ந்த ஒரட்டோரியன் குருக்கள் கண்டியை நடுவிடமாக வைத்து, மலையிறங்கிக் கிழக்குக் கரைக்கும் வந்தார்கள். நமது பறங்கியர் குடும்பங்களும் தமிழ்க் குடும்பங்களும் விசுவாசத்தைக் காத்துக்கொண்டதில் அந்தக் கால்நடைக்குப் பங்கு உண்டு. குரு வர முடியாத மாதங்களில் செபம் சொல்விக்கவும், ஞானஸ்நானம் கொடுக்கவும், மரிப்பவரைத் தேற்றவும் ஊருக்கு ஊர் அண்ணாவியாரையும் மூப்பரையும் ஏற்படுத்தினார்கள். குருவில்லாத குறையே பொதுநிலையினரை எழுப்பிவிட்டது.

1711-ஆம் ஆண்டு சனவரி 16-ஆம் நாள் கண்டியிலே அடிகளார் இறைவனடி சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 59. ஒல்லாந்தரின் தடை அன்றும் நீங்கவில்லை. இலங்கைக் கத்தோலிக்கர் சட்டப்படி சுதந்திரம் பெற்றது ஆங்கிலேயர் காலத்தில், 1806-இல். அவர் இறந்து 95 ஆண்டுகளுக்குப் பின்! மணற்றிட்டு உடைந்த நாளை அவர் காணவேயில்லை. அவரை அடக்கம் செய்த இடமும் இன்று தெரியாது. ஆனால் 1995 சனவரி 21-இல் கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவரை முத்திப்பேறு பெற்றவராகவும், அதே திடலில் 2015 சனவரி 14-இல் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராகவும் அறிவித்தார்கள்.

அன்பான பெற்றோரே, இளைஞரே, உங்களை அடைத்து நிற்கும் தடை நாளைக்கே நீங்கும் என்று இந்தப் புனிதரின் வாழ்வு வாக்குக் கொடுக்கவில்லை. தடைக்கு இந்தப் பக்கத்திலும் கடவுள் நம்மோடு இருக்கிறார், நமக்கென்று ஒரு வேலையும் வைத்திருக்கிறார் என்று அது காட்டுகிறது. வேலை கிடைக்காத மகன் அந்த மாதங்களில் ஒரு தொழிலோ மொழியோ படிக்கலாம். படுக்கையில் கிடக்கும் தாய் வீட்டாருக்காகச் செபமாலை சொல்லலாம். துக்கவீட்டுக்கு ஒரு பாத்திரம் கஞ்சி கொண்டுபோக யாராலும் முடியும். இவையும் நம்பிக்கையின் செயல்களே.

இன்றிரவு குடும்ப செபத்திலே, உங்கள் வீட்டில் அடைபட்டிருக்கும் வழியைப் பெயர் சொல்லி ஆண்டவரிடம் ஒப்புக்கொடுங்கள். அது திறக்கும்வரை என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள். சிறைக்குள் சிற்றாலயம் கட்டிய புனித யோசப் வாஸ் அடிகளார் நமக்காகப் பரிந்து பேசுவாராக.