றுடோல்ப் டீசல்: எஞ்சினுக்கும் எரிபொருளுக்கும் பெயர் தந்தவர்

மாணவர்களே, எரிபொருள் நிரப்பு நிலையங்களில் டீசல் என்ற சொல்லை நாள்தோறும் காண்கிறீர்கள். பெற்றோல், மண்ணெண்ணெய் என்பன பொருள்களின் பெயர்கள். டீசல் அவ்வாறன்று. அது ஒரு மனிதரின் குடும்பப் பெயர். அவர் ஆக்கிய எஞ்சினுக்கு அவர் பெயர் வந்தது. பின்பு அந்த எஞ்சினில் எரியும் எண்ணெய்க்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. இவ்வரலாற்றை வாசிக்கும்போது ஒரு கேள்வியை மனதில் வைத்திருங்கள். உருளைக்குள் எரிபொருளை எப்படிச் செலுத்துவது? கேட்பதற்குச் சிறிய கேள்விதான். ஆனால் டீசலை மிக நீண்ட காலம் அலைக்கழித்தது அதுவே.

றுடோல்ப் டீசல் 1858ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் திகதி பாரிஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் ஜேர்மனியின் பவேரியாப் பகுதியைச் சேர்ந்தவர்கள். தந்தை தோற்பொருள் செய்யும் கைவினைஞர். 1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டபோது ஜேர்மன் குடும்பங்கள் பாரிசை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. டீசல் குடும்பம் இலண்டனுக்குச் சென்றது. அங்கு வருமானம் போதவில்லை. எனவே பன்னிரண்டு வயதுச் சிறுவனான றுடோல்ப், ஜேர்மனியின் ஒக்ஸ்பேர்க் நகரில் வாழ்ந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அந்த வீட்டுத் தலைவர் ஒரு கணித ஆசிரியர். இடம்பெயர்ந்து உறவினர் வீட்டில் தங்கிப் படித்த பிள்ளை, பதினான்கு வயதிலேயே தான் பொறியியலாளராக வேண்டும் என்று பெற்றோருக்குக் கடிதம் எழுதினார்.

1875இல் மியூனிக் தொழினுட்பக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கற்பித்தவர் குளிரூட்டல் துறையில் புகழ்பெற்ற கார்ல் வொன் லிண்டே. நீராவி எஞ்சின் தனக்குக் கிடைக்கும் வெப்பத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்கையோ அதிலும் குறைவாகவோதான் வேலையாக மாற்றுகிறது என்பதை லிண்டேயின் விரிவுரையில் அவர் அறிந்தார். எரிக்கும் நிலக்கரியில் பத்தில் ஒன்பது பங்கு வீணாகிறது என்பதே இதன் பொருள். அன்று தொழிற்சாலைகளும் கப்பல்களும் புகையிரதங்களும் இந்த எஞ்சினை நம்பியே இருந்தன. மற்ற மாணவர்கள் குறிப்பெடுத்துவிட்டுப் போயிருப்பார்கள். டீசலால் அதை விட முடியவில்லை.

நெருப்புக்காய்ச்சல் கண்டு இறுதிப் பரீட்சை தாமதமானபோதும், 1880இல் மிக உயர்ந்த புள்ளிகளுடன் பட்டம் பெற்றார். பின்னர் பாரிசில் லிண்டேயின் பனிக்கட்டி இயந்திரங்களைப் பொறுப்பேற்று நடத்தினார். 1883இல் மார்த்தா என்பவரை மணந்தார். மூன்று பிள்ளைகள் பிறந்தனர். நீராவிக்குப் பதிலாக அமோனியா ஆவியைக் கொண்டு எஞ்சின் ஒன்றை இயக்கப் பல ஆண்டுகள் முயன்றார். அது பயன்தரவில்லை. 1890இல் பெர்லினுக்குக் குடிபெயர்ந்த பின்பே புதிய எண்ணம் உருப்பெற்றது.

அந்த எண்ணத்தை விளங்கிக்கொள்ள உங்கள் சைக்கிள் பம்பை எடுங்கள். ரயருக்குக் காற்று அடித்து முடித்ததும் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள், சுடும். வளியை நெருக்கினால் அதன் வெப்பநிலை உயரும். முசலத்தால் வளியை மிக மிக நெருக்கினால் எரிபொருள் தானாகவே தீப்பற்றும் அளவுக்கு அது சூடாகும் அல்லவா? அப்போது தீப்பொறி தேவையில்லை. பெற்றோல் எஞ்சினில் வளியும் எரிபொருளும் கலந்து நெருக்கப்பட்டுத் தீப்பொறிச் செருகியால் மூட்டப்படுகின்றன. டீசல் எஞ்சினில் வளி மட்டும் முதலில் நெருக்கப்படுகிறது. எரிபொருள் இறுதியில் உள்ளே விடப்படுகிறது. விடைத்தாள்களில் பலர் மாற்றி எழுதும் இடம் இதுதான், கவனமாக இருங்கள்.

1892இல் இதற்கான காப்புரிமைக்கு விண்ணப்பித்த டீசல், 1893இல் அதைப் பெற்றார். அதே ஆண்டில் ஒக்ஸ்பேர்க் இயந்திரத் தொழிற்சாலையும் குருப் நிறுவனமும் அவருக்கு உதவ முன்வந்தன. காகிதத்தில் அவர் கணக்கிட்ட அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தைப்போல் 250 மடங்கு! அன்றைய உலோக வேலைக்கு அது நடவாத காரியம். அந்த அளவைப் பெரிதும் குறைக்க வேண்டியிருந்தது. 1893 ஓகஸ்ட் 10ஆம் திகதி முதற் பரிசோதனையில் உருளைக்குள் எரிபொருள் தீப்பற்றியது. அமுக்கத்தை அளக்கும் கருவி வெடித்துச் சிதறியது. அருகில் நின்றவர்கள் மயிரிழையில் தப்பினர். தானாகத் தீப்பற்றும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது; ஆனால் எஞ்சின் ஓடவில்லை. 1894 பெப்ரவரியில்தான் ஒரு நிமிடமளவு தானாகச் சுழன்றது.

இங்கேதான் நாம் தொடக்கத்தில் கேட்ட கேள்வி குறுக்கிடுகிறது. உருளைக்குள் வளி முப்பது மடங்குக்கு மேற்பட்ட அமுக்கத்தில் இருக்கிறது. அதை எதிர்த்து எரிபொருளை உள்ளே தள்ள வேண்டும். அதுவும் சொட்டாக விழாமல் பனிப்புகைபோலத் தூவப்பட வேண்டும். ஒரு தடவைக்குச் சில துளிகளே போக வேண்டும். முசலம் உச்சியை அடையும் கணத்தில் போக வேண்டும். டீசல் முதலில் பம்பியால் நேரடியாகத் தள்ளிப் பார்த்தார். இவ்வளவு சிறிய அளவை இவ்வளவு துல்லியமாக அளந்து தள்ளும் பம்பியை அன்று செய்ய முடியவில்லை. ஆகவே வேறு வழி தேடினார். தனியான அமுக்கி ஒன்றால் வளியை உருளைக்குள் இருப்பதைவிடக் கூடிய அமுக்கத்துக்கு நெருக்கி, அந்த வளியின் வேகத்தால் எரிபொருளை ஊதிவிட்டார். அது வேலை செய்தது.

1897 பெப்ரவரி 17ஆம் திகதி பேராசிரியர் மொறிட்ஸ் ஷ்ரோட்டர் அந்த எஞ்சினை அளந்து பார்த்தார். ஏறத்தாழ 20 குதிரை வலு, வினைத்திறன் 26.2 வீதம். நீராவி எஞ்சினின் பத்து வீதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். செய்தி பரவியது. அமெரிக்க உரிமையை மட்டும் அடோல்பஸ் புஷ் என்ற செல்வந்தர் பத்து இலட்சம் மார்க் கொடுத்து வாங்கினார். மியூனிக்கில் டீசலுக்கு ஒரு மாளிகை எழுந்தது.

ஆனால் பரிசோதனைச் சாலையில் ஓடிய எஞ்சின் வெளியே போனதும் தொல்லை கொடுத்தது. 1898இல் கெம்ப்டன் நகரத் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு விற்ற 60 குதிரை வலு எஞ்சின் அடிக்கடி பழுதடைந்தது. காப்புரிமை வழக்குகள் வேறு. டீசலின் உடலும் மனமும் தளர்ந்தன. சில மாதங்கள் மருத்துவ நிலையத்தில் தங்க நேர்ந்தது. 1900இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் சிறிய டீசல் எஞ்சின் ஒன்று நாம் கச்சான் என்று சொல்லும் நிலக்கடலையின் எண்ணெயில் ஓடிக் காட்டியது. 1912இல் செலாண்டியா என்ற டென்மார்க் கப்பல் டீசல் எஞ்சின்களோடு பெருங்கடலில் பயணம் செய்தது.

கப்பலில் இடத்துக்குக் குறைவில்லை, அமுக்கியின் பாரமும் பொருட்டல்ல. லொறியில் அப்படியா? எஞ்சினோடு கூடப் பெரிய அமுக்கியையும் சுமந்து செல்ல இயலாது. அதை இயக்கவே வலுவில் ஒரு பங்கு போய்விடும். 1908அளவில் லொறிக்கான சிறிய எஞ்சினை டீசலும் செய்து பார்த்தார், வெற்றி கிட்டவில்லை. தன் எஞ்சினால் ஓடும் ஒரு லொறி வீதிகளில் சாதாரணமாகச் செல்வதை அவர் காணவேயில்லை.

இதற்கிடையில் நிலம் வாங்கியதிலும் முதலீடுகளிலும் அவர் பெருஞ்செல்வத்தை இழந்தார். சிறந்த பொறியியலாளர்; பணத்தைக் கையாளத் தெரியாதவர் என்றே சொல்ல வேண்டும். 1913 செப்டெம்பர் 29ஆம் திகதி மாலை பெல்ஜியத்தின் அன்ட்வேர்ப் துறைமுகத்தில் ட்றெஸ்டன் என்ற கப்பலில் ஏறி இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். இரவுணவின் பின் பத்து மணியளவில், காலை 6.15க்குத் தன்னை எழுப்பும்படி சொல்லிவிட்டு அறைக்குச் சென்றார். காலையில் அறை வெறுமையாக இருந்தது. படுக்கையில் யாரும் உறங்கிய அடையாளம் இல்லை. தொப்பியும் மேலங்கியும் கப்பலின் பின்பகுதியில் கிடந்தன. ஒக்டோபர் 10ஆம் திகதி ஒரு டச்சுப் படகினர் கடலில் ஓர் உடலைக் கண்டனர். அதிலிருந்த மருந்துப் பெட்டியையும் பேனாக்கத்தியையும் கண்ணாடிக் கூட்டையும் எடுத்துக்கொண்டு உடலைக் கடலிலேயே விட்டனர். அப்பொருள்கள் தன் தந்தையுடையவை என மகன் ஒய்கன் அடையாளம் காட்டினார். டீசலுக்கு அப்போது வயது 55. கொலை என்றும் உளவு வேலை என்றும் அக்காலப் பத்திரிகைகள் எழுதின. ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. கடன் சுமையை அறிந்தவர்கள் அவர் தாமாகவே உயிரை முடித்துக்கொண்டார் என்று கருதுகின்றனர்.

அவர் விட்டுச்சென்ற கேள்விக்கு மற்றவர்கள் விடை கண்டனர். றொபேர்ட் பொஷ் என்பவரின் நிறுவனம் 1922இல் தொடங்கி ஐந்து ஆண்டுகள் உழைத்து, 1927இல் எரிபொருளை நேரடியாக அளந்து தள்ளும் பம்பியைத் தொகையாகச் செய்து விற்கத் தொடங்கியது. ஊதும் வளி வேண்டாம், பாரமான அமுக்கியும் வேண்டாம். டீசல் எஞ்சின் லொறிக்கும் பஸ்ஸுக்கும் உழவு இயந்திரத்துக்கும் இறங்கி வந்தது. 1936இல் மேர்சிடிஸ் பென்ஸ் நிறுவனத்தின் 260 டீ என்ற கார் வெளிவந்தது.

இன்றைய பிக்கப் வாகனத்தில் இக்கேள்வி இன்னொரு வடிவில் இருக்கிறது. உயர் அமுக்கப் பம்பி தள்ளுவதில் வல்லது, உறிஞ்சுவதில் வல்லதல்ல. தாங்கி பின்னால் தாழ்வாகவும் எஞ்சின் முன்னாலும் உள்ளன. நீண்ட குழாயில் உறிஞ்சும்போது அமுக்கம் குறைந்து, டீசலில் கரைந்திருக்கும் வளி குமிழாக வெளிப்படும். குமிழ் நெருங்கிக் கொடுக்கும். எண்ணெய் அப்படி நெருங்காது. அளவு தவறி எஞ்சின் தடுமாறும்; எண்ணெயாலேயே மசகிடப்படும் பம்பியும் தேயும். அமெரிக்காவில் 2001ஆம் ஆண்டு மாதிரியாக வந்த செவர்லே சில்வராடோ பிக்கப்பின் 6.6 லீற்றர் டுராமக்ஸ் எஞ்சினுக்குத் தொழிற்சாலையில் ஏற்றுப் பம்பி பொருத்தப்படவில்லை. உயர் அமுக்கப் பம்பியே தாங்கியிலிருந்து உறிஞ்சியது. அதனால் உரிமையாளர் பலர் வேறு நிறுவனங்களின் மின் பம்பியை வாங்கிப் பூட்டினர். கராஜ்களில் லிப்ட் பம்ப் என்று சொல்வது இதைத்தான்.

பூட்டும் முறையைப் பாருங்கள், காரணம் தெளிவாகும். பம்பியைத் தாங்கிக்கு அருகில் அடிச்சட்டத்தில் பொருத்துவர். உறிஞ்சும் தூரம் குறைந்து, தள்ளும் தூரம் கூடும். நீரையும் தூசையும் பிரிக்கும் வடிகட்டிகள் அதனோடு சேர்ந்திருக்கும்; சிலவற்றில் பிரிந்த வளி தனிக் குழாய் வழியே தாங்கிக்குத் திரும்பும். மின்சாரம் பற்றரியிலிருந்து உருகி வழியாக வரும்; சாவி திருப்பப்படும்போது மட்டும் அது பாயும்படி இணைப்பர். பம்பி தரும் அமுக்கம் ஒரு வளிமண்டலத்தின் அளவுக்குக் கிட்டத்தான் இருக்கும். அதை வாங்கிக்கொள்ளும் உயர் அமுக்கப் பம்பியோ 1600 மடங்குவரை உயர்த்துகிறது. வேலை முடிந்ததும் உடனே எஞ்சினை இயக்குவதில்லை. பம்பியை மட்டும் ஓடவிட்டு, குழாய்களில் கசிவு உண்டா என்று பார்த்து, உள்ளே அகப்பட்ட வளி முழுவதும் வெளியேறிய பிறகே இயக்குவார்கள்.