'மீசை வைத்த அம்மா': வக்கீல் தொழிலை விட்டுவிட்டு மழலையர் பள்ளி தொடங்கிய கிஜுபாய் பதேக்கா யார்?

முதலில் ஒரு எண். 2022-ல் என்சிஇஆர்டி நாடு முழுக்க மனநலம் குறித்து ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. 6 முதல் 12-ம் வகுப்பு வரை படிக்கும் சுமார் 3.79 லட்சம் மாணவர்கள் அதில் கலந்துகொண்டார்கள். படிப்பு, தேர்வு, ரிசல்ட் ஆகியவைதான் தங்கள் பதற்றத்துக்குக் காரணம் என்று 81 சதவீதம் பேர் சொன்னார்கள்.

பள்ளி பயமுறுத்தாத இடமாக இருக்க முடியுமா? நூறு வருஷத்துக்கு முன்பே இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு, சொந்தத் தொழிலையே விட்டுவிட்டு வந்தவர் ஒருவர் இருந்தார். குஜராத்தில் அவர் பெயர் தெரியாத ஆசிரியர்கள் குறைவு. நம் பக்கம்தான் அவ்வளவாகத் தெரியாது.

கோர்ட்டிலிருந்து வகுப்பறைக்கு

கிஜுபாய் பதேக்கா 1885 நவம்பர் 15 அன்று சௌராஷ்டிரப் பகுதியில் உள்ள சித்தல் என்ற ஊரில் பிறந்தார். 1907-ல் பிழைப்பு தேடி கிழக்கு ஆப்பிரிக்கா போனார். இரண்டு வருஷத்தில் ஊர் திரும்பி, பம்பாயில் சட்டம் படித்து வக்கீலானார். நல்ல வருமானம், மரியாதை. லைஃப் செட்டில் ஆகிவிட்டது என்று நாம் சொல்வோமே, அந்த நிலை.

1913-ல் மகன் நரேந்திரா பிறந்ததும் ஒரு கவலை வந்தது. தான் படித்த மாதிரியான பள்ளிக்கே இவனையும் அனுப்ப வேண்டுமா? அந்தக் காலத்துப் பள்ளி என்றால் பிரம்பு, மனப்பாடம், அதட்டல். மாற்று வழியைத் தேடியபோது, கல்வியாளர் மோதிபாய் அமீன் மூலமாக மரியா மாண்டிசோரியின் முறை பற்றிய புத்தகம் கையில் கிடைத்தது. இத்தாலியில் ஒரு டாக்டர், குழந்தைகளை அடிக்காமல், அவர்களைக் கவனித்தே கற்றுக்கொடுக்கிறார் என்பது அவருக்குப் பெரிய செய்தி.

1916-ல் வக்கீல் தொழிலை விட்டுவிட்டு, பாவ்நகரில் நானாபாய் பட் நடத்திய தட்சிணாமூர்த்தி விடுதியில் சேர்ந்தார். அப்போது அவருக்கு முப்பது வயசு. கொஞ்ச நாளில் அங்கிருந்த உயர்நிலைப் பள்ளியின் பொறுப்பும் அவரிடம் வந்தது.

அங்கேதான் ஒரு விஷயம் பிடிபட்டது. பதின்ம வயதில் வந்து சேரும் பிள்ளைகளிடம் பயமும் பொய்யும் போட்டியும் ஏற்கெனவே ஊறிப்போயிருந்தன. மாற்றம் வேண்டுமென்றால் இன்னும் சின்ன வயதில் தொடங்க வேண்டும். 1920-ல் 'பால மந்திர்' பிறந்தது இப்படித்தான்.

அங்கே அப்படி என்ன நடந்தது?

அடி கிடையாது. பரிசு, ரேங்க்கும் கிடையாது. தண்டனை எப்படிக் குழந்தையைப் பயப்பட வைக்கிறதோ, அதே மாதிரி பரிசு பக்கத்துக் குழந்தையை எதிரியாக்கிவிடுகிறது என்பது அவர் கருத்து. கதை, பாட்டு, நாடகம், தோட்ட வேலை, ஊர் சுற்றிப் பார்ப்பது என நாள் போகும். பெரிய மீசையோடு தரையில் உட்கார்ந்து கதை சொல்லும் இவருக்கு 'மூச்சாளி மா' என்று பெயர் வந்தது. மீசை வைத்த அம்மா என்று அர்த்தம்.

மாண்டிசோரியை அவர் அப்படியே காப்பி அடிக்கவில்லை. நாட்டுப்புறக் கதைகளையும் உள்ளூர் விளையாட்டுகளையும் சேர்த்துக்கொண்டார். 1925-ல் ஆசிரியர்களுக்கான பயிற்சிப் பள்ளி தொடங்கினார். தாராபாய் மோடக்கோடு சேர்ந்து பத்திரிகை நடத்தினார். நூற்றுக்கும் மேற்பட்ட புத்தகங்கள் எழுதினார். பெற்றோருக்கென்றே தனியாகவும் எழுதினார். வீட்டில் அடி விழுந்தால் பள்ளியில் காட்டும் அன்பு வீண் என்று அவருக்குத் தெரியும்.

'திவாஸ்வப்ன' என்ன சொல்கிறது?

1930-களின் தொடக்கத்தில் வெளியான இந்தப் புத்தகம்தான் அவரை இன்றும் நினைவில் வைத்திருக்கிறது. லட்சுமிராம் என்ற கற்பனை ஆசிரியர், ஒரு சாதாரண அரசுப் பள்ளியின் நான்காம் வகுப்பை ஒரு வருஷம் சோதனைக்காக வாங்கிக்கொள்கிறார். முதல் நாளே சொதப்பல். அமைதியாக உட்காரச் சொன்னால் பிள்ளைகள் கூச்சல் போடுகிறார்கள். மறுபடி வந்து கதை சொல்கிறார், வகுப்பு அடங்கிவிடுகிறது. பாடப்புத்தகத்துக்கான காசைச் சேர்த்துக் கதைப் புத்தகங்கள் வாங்கி, வகுப்புக்கென ஒரு நூலகமே உருவாகிறது. சிலபஸ் முடியுமா என்று சக ஆசிரியர்கள் நக்கல் அடிக்கிறார்கள். இன்றைய ஸ்டாஃப் ரூமிலும் கேட்கக்கூடிய கேள்விதான் இது.

குறை இல்லையா?

இருந்தது. மாண்டிசோரி முறைக்குச் செலவு அதிகம். அதனால் பெரும்பாலும் வசதியுள்ள நகரத்துக் குடும்பங்களையே அது எட்டியது. இந்த இடைவெளியை நிரப்பியவர் தாராபாய். மகாராஷ்டிராவின் போர்டி, கோஸ்பாட் பகுதிகளுக்குப் போய், ஏழை, பழங்குடிக் குழந்தைகளின் வீட்டு முற்றத்துக்கே பள்ளியைக் கொண்டுபோனார். நமக்குத் தெரிந்த 'அங்கன்வாடி' என்ற யோசனைக்கு அந்த முயற்சி ஒரு முன்னோடி.

கிஜுபாய் 1939 ஜூன் 23 அன்று காலமானார். வயது 53. அதே வருஷம் நவம்பரில், அவர் புத்தகங்கள் வழியாக மட்டுமே படித்த மாண்டிசோரி, பயிற்சி வகுப்பு நடத்த சென்னை அடையாறுக்கு வந்து இறங்கினார். இருவரும் சந்திக்க ஐந்து மாதம் போதவில்லை.

இன்று எங்கே நிற்கிறோம்?

பால மந்திர் தொடங்கி 89 வருஷம் கழித்து, 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, பள்ளியில் உடல்ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்தது. 2018-ல் டெல்லி அரசுப் பள்ளிகளில் 'மகிழ்ச்சி' ஒரு பாடவேளையாகவே வந்தது. ஆனால் கிஜுபாய் கேட்டது தனியாக ஒரு பீரியட் அல்ல. கணக்கு வகுப்பிலும் பிள்ளை பயமில்லாமல் தப்பு செய்யலாம், பக்கத்துப் பையனிடம் கேட்டுத் திருத்திக்கொள்ளலாம் என்ற நிலையைத்தான்.

'திவாஸ்வப்ன' தமிழில் 'பகல் கனவு' என்ற பெயரில் வந்திருக்கிறது. சின்னப் புத்தகம்தான். வீட்டில் பள்ளிக்குப் போகும் குழந்தை இருந்தால், அடுத்த பேரண்ட்ஸ் மீட்டிங்குக்கு முன்னால் ஒரு தடவை படித்துவிட்டுப் போங்கள். மார்க்கை மட்டும் கேட்டுவிட்டு வர மனசு வராது.