விளையாட்டைப் பாடமாக்கிய மாண்டிசோரி அம்மையார்



நம்ம குழுக்கள்ல நிறையப் பேர் விடியக்காலையில ஜீப் ஏறி, போடிமெட்டு தாண்டி ஏலக்காட்டுக்கு வேலைக்குப் போறோம். பொழுது சாயத் திரும்புற வரைக்கும் பிள்ளை என்ன பண்ணுதோன்னு மனசு அடிச்சுக்கும். அந்த வேதனை தெரிஞ்ச ஒரு அம்மாவைப் பற்றி இந்த மலரில் எழுதுகிறேன்.

மரியா மாண்டிசோரி 1870 ஆகஸ்ட் 31-ல் இத்தாலியில் பிறந்தார். பொம்பளைப் பிள்ளை டாக்டருக்குப் படிக்கிறதே அதிசயமான காலம். 1896-ல் ரோம் நகரில் டாக்டர் பட்டம் வாங்கினார். 1898-ல் மரியோ என்ற மகன் பிறந்தான். கல்யாணம் நடக்கவில்லை. ஊர்ப் பேச்சுக்கும் வேலைக்கும் நடுவுல, பிள்ளையைக் கிராமத்தில் வேறொரு குடும்பத்திடம் வளர்க்க விட்டார். பல வருஷம் கழிச்சுத்தான் தன்னோட அழைச்சுக்கிட்டார்.

1907 ஜனவரி 6-ல் ரோமில் ஏழைகள் குடியிருந்த சான் லொரென்சோ பகுதியில், ஒரு குடியிருப்புக் கட்டடத்திலேயே சின்னப் பள்ளி திறந்தார். அப்பா, அம்மா வேலைக்குப் போனதும் தெருவில் சுத்தின பிள்ளைங்கதான் அங்கே வந்தாங்க. பெரிசு முதல் சிறிசு வரை 10 மரக்கட்டைகளை ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கணும். வரிசை தப்பினா அடுக்கைப் பார்த்ததுமே பிள்ளைக்கே புரியும், யாரும் திட்ட வேண்டாம். உப்புத்தாளில் வெட்டின எழுத்தை விரலால் தடவித் தடவியே எழுதப் பழகினாங்க. பாசிமணி கோத்து ஒண்ணு, பத்து, நூறு, ஆயிரம் கத்துக்கிட்டாங்க. நமக்கு அது விளையாட்டு. அவர் அதைப் பிள்ளையோட வேலைன்னு மதிச்சார்.

1939-ல் மகனோடு சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். மறு வருஷம் இத்தாலி போரில் இறங்கியதும், எதிரி நாட்டுக்காரர் என்று ஆங்கில அரசு மரியோவைச் சிறையில் வச்சது. அம்மாவின் 70-வது பிறந்தநாளுக்குத்தான் விட்டது. அதுவரை வெளியில் சொந்தக்காரப் பையன்னே சொல்லி வந்த பிள்ளையை, அரசு அனுப்பின தந்தி மகன் என்றே சொன்னதாம். படிக்கும்போது எனக்குக் கண் கலங்கிருச்சு.

1942 முதல் இரண்டு வருஷம் நம்ம பக்கத்து மலையான கொடைக்கானலில் இருந்தார். செடி, பூச்சி, கல் எல்லாத்தையும் வச்சு இயற்கையைச் சொல்லிக்கொடுத்தார். 1952 மே 6-ல் நெதர்லாந்து நாட்டில் காலமானார்.

விளையாடாதே, படின்னு என் மகளை நானும் அடிச்சிருக்கேன். இப்போ புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாக் குவிச்சு வைக்கச் சொல்றேன். பல்லாங்குழியில் கூட்டல், கழித்தல் தானா வருது. முன்னெல்லாம் கணக்குன்னாலே அழுதவ, இப்போ நான் அடுப்படியில் இருக்கும்போது அவளே வந்து, எத்தனை குவியல்னு கேளும்மான்னு நிக்கிறா.

வேலைக்குப் போற தாய்மார் மனசு உடைய வேண்டாம். ராத்திரி சாப்பிட்டபின் பிள்ளை பக்கத்தில் கால்மணி நேரம் உட்காருவோம். கையில் நாலு கொட்டை போதும்.