வானத்தைச் சாட்சி வைத்த ரகுநாதாசாரியார்

திருக்கோயில் உற்சவத்தில் கொடியேற்றம் தொடங்கித் தீர்த்தவாரி ஈறாக யாவும் திதியும் நக்ஷத்திரமும் பார்த்தே நடைபெறுகின்றன. அவற்றை நமக்கு அறிவிப்பது பஞ்சாங்கம். அந்தக் கணக்கு வானத்தோடு ஒத்திருக்கிறதா என்று இரவெல்லாம் கண்விழித்துப் பார்த்த பெரியவர் ஒருவர் சென்னையில் வாழ்ந்தார். சிந்தாமணி ரகுநாதாசாரியார் என்பது அவர் திருநாமம். உற்சவத்தைச் சேவிக்க வந்திருக்கும் அன்பர்கள் அவர் சரிதத்தை அறிதல் நலம்.

நம் காலடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை சென்னைக் கவர்னராயிருந்த கோலட் துரையின் பெயரால் அமைந்த ஊர். கும்பினி உத்தியோகத்திலிருந்துகொண்டே காஞ்சி வரதனை மறவாதிருந்த வீரராகவரின் பக்தியே நம் கல்யாண வரதராஜன் சந்நிதிக்குக் காரணம் என்பர் முன்னோர். துரைத்தனத்தில் ஊழியம் புரிந்தும் தம் மரபின் வித்தையைக் கைவிடாத மற்றொருவர் ரகுநாதாசாரியார்.

அவர் பஞ்சாங்கம் கணிக்கும் குலத்தில் தோன்றியவர். இளமையிலேயே நுங்கம்பாக்கம் வானிலை நோக்குக்கூடத்தில் பணியில் அமர்ந்தார். கும்பினியார் 1792-ல் கட்டிய கூடம் அது. 1861-ல் அதன் தலைமையை ஏற்ற போக்ஸன் துரையின் கீழ் இவர் முதல் உதவியாளராக உயர்ந்தார். நக்ஷத்திரங்கள் உச்சிவட்டத்தைக் கடக்கும் நொடியையும் உயரத்தையும் அளந்து எழுதுவதே இவரது நித்திய கைங்கரியம். பல்லாயிரம் அளவைகள் இவ்வாறு எடுக்கப்பட்டன.

அந்த உழைப்பின் பயனாக 1867-ல் ஓர் அற்புதம் வெளிப்பட்டது. விண்மீன்களுள் பெரும்பாலானவை ஒரே ஒளியுடன் திகழ்கின்றன. சில மட்டும் வளர்பிறை தேய்பிறை போலப் பெருகிச் சுருங்குகின்றன. அவற்றை மாறொளி மீன்கள் என்பர். முன்பு குறித்த ஒளியையும் இப்போது காணும் ஒளியையும் ஒப்பிடுவோர்க்கே அந்த மாறுதல் புலப்படும். அகத்திய நக்ஷத்திரத்திற்குத் தென்மேற்கே ரெட்டிகுலம் என்னும் சிறு மண்டலத்தில் அத்தகைய மீன் ஒன்றை ஆசாரியார் கண்டறிந்தார். அதற்கு ஆர் ரெட்டிகுலி என்று பெயர். சென்னையில் அது தென்திசையில் அடிவானத்திற்கு மேல் ஏறக்குறைய 14 பாகையே உயரும். முதிர்ந்த செம்மீனாகிய அது விம்மித் தணிவதால், சுமார் 280 நாட்களில் ஒருமுறை ஒளி பெருகிக் குறைகிறது. ஒளி மிகுந்த நாட்களிலும் வெறுங்கண்ணுக்கு எட்டாது. சிறு தொலைநோக்கிக்கு எட்டும். ஒளி குன்றிய நாட்களில் அதற்கும் மறைந்துவிடும்.

1868 ஆகஸ்டு 18-ல் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தைக் காண வனபர்த்திக்குச் சென்ற குழுவுக்கு இவரே தலைவர். 1872-ல் இலண்டன் அரச வானியற் கழகம் இவரை உறுப்பினராக ஏற்றது. அப்பெருமையை எய்திய முதல் இந்தியர் இவரே. 1874 டிசம்பர் 9-ல் சுக்கிரன் சூரிய பிம்பத்தைக் கடப்பதற்கு முன்னரே, அது யாது என்று நம் ஜனங்களுக்கு விளக்கும் நூலை ஆங்கிலத்திலும் தேசபாஷைகளிலும் வெளியிட்டார்.

ஆயினும் அவர் நெஞ்சில் நின்ற கவலை பஞ்சாங்கத்தைப் பற்றியது. பழைய வாக்கியங்களால் வரும் கிரகநிலைக்கும் கண்ணால் காணும் நிலைக்கும் வேற்றுமை இருப்பதை இரவுதோறும் கண்டவர் அவர். திதி பிழைத்தால் ஏகாதசியும் சிராத்தமும் பிழைக்குமே என்று வருந்தி, காட்சியோடு ஒத்த கணிதம் வேண்டும் என்று வாதாடினார். முன்னோர் வாக்கைத் திருத்துவதாவது என்று மறுத்தவர்களும் உண்டு. ஆனால் கேரளத்துப் பரமேசுவரர் 1431-லேயே திருக்கணிதம் இயற்றியவர். கணக்கை வானத்தோடு ஒப்பிடுவதும் முன்னோர் வகுத்த நெறியே.

அடியேன் பாடசாலையில் பயின்ற நாளில் கிரகங்களை விரல் மடக்கி எண்ணினேனேயன்றி, அண்ணாந்து ஒருநாளும் பார்த்தேனல்லேன். இச்சரிதத்தை அறிந்தபின் அதற்காக வெட்கினேன்.

1880 பிப்ரவரியில் ஆசாரியார் பரமபதம் எய்தினார். வானியற்பணி 1899-ல் கொடைக்கானலுக்குச் சென்றது. நுங்கம்பாக்கத்தில் பழைய கல்தூண் மட்டும் நிற்கிறது. வாக்கியம், திருக்கணிதம் இரண்டும் இன்றும் வழங்குகின்றன. அவரவர் சம்பிரதாயப்படி அனுஷ்டிக்கலாம். ஆனால் எதிர்தரப்பாரை இகழ வேண்டா. சத்தியத்தை நாடி விழித்திருந்த கண்களும் பகவத் கைங்கரியமே செய்தன.

தை மாதத்து இரவில் நம் கடற்கரையில் நின்று தெற்கே நோக்குங்கள். துறைமுக விளக்குகளுக்கு மேலே அகத்தியர் தெரிவார். அவர் அருகே, நம் கண்ணுக்குப் புலனாகாமல், ஆசாரியாரின் மீன் இன்றும் பெருகிச் சுருங்கிக்கொண்டிருக்கிறது.