பட்டியலில் இல்லாதவர்கள்

1940 ஆகஸ்டில் தென்பிரான்சின் மார்செய் துறைமுக நகரை வந்தடைந்தபோது வேரியன் ஃபிரைக்கு வயது 32. ஹார்வர்டில் கிரேக்க, இலத்தீன் இலக்கியங்களைப் பயின்றவர். 1935இல் பெர்லின் வீதிகளில் யூதர்கள் அடித்து நொறுக்கப்பட்டதை நேரில் கண்டவர். நியூயார்க்கின் அவசரகால மீட்புக் குழு அவரை அனுப்பியிருந்தது. காலில் கட்டி மறைத்த 3000 டாலரும், எழுத்தாளர், ஓவியர், சிந்தனையாளர் என ஏறத்தாழ 200 பெயர்கள் அடங்கிய பட்டியலும் அவரிடம் இருந்தன.

போரில் தோற்ற பிரான்சு ஏற்றுக்கொண்ட உடன்படிக்கையின் 19ஆம் பிரிவின்படி, ஜெர்மனி கேட்கும் ஜெர்மானியரை ஒப்படைத்தாக வேண்டும். வெளியேறும் அனுமதியையோ விஷி அரசு தர மறுத்தது. சட்டத்தை மதித்து நின்றால் சிறை. மீறினால் ஒருவேளை உயிர்.

விடுதி அறையின் வாசலில் வரிசை நீண்டது. நின்றவர்களில் மிகப் பலருடைய பெயர் பட்டியலில் இல்லை. நாவல் எழுதியவரின் உயிர், ஒரு வரியும் எழுதாத தையற்காரரின் உயிரைவிடக் கனமானதா? (கவிஞர் அரங்கில் இதற்கு விடை சொல்வது எளிது; எண்ணித் தரப்பட்ட விசாக்களை வைத்துக்கொண்டு சொல்வது கடினம்.) பட்டியலுக்கு அப்பாலும் ஃபிரை கைநீட்டினார். ஆயினும் ஒற்றர் பயத்தால், நம்பத்தகுந்தவர் எவரேனும் அறிந்து உறுதிகூறியவர்க்கே உதவினார். சான்று கூற ஆளற்றவர் திரும்பிப் போனார். ஒற்றனும் திரும்பிப் போனான், உண்மை அகதியும் திரும்பிப் போனான்.

வெளியே நிவாரண அலுவலகம். உள்ளே கள்ளச்சந்தைப் பணமும் போலி ஆவணங்களும். வியன்னாவின் கேலிச்சித்திரக்காரர் பில் ஸ்பிரா தூரிகையால் அரசு முத்திரைகளை வரைந்து கொடுத்தார். அவரும் ஓர் அகதிதான். பிடிபட்டுப் பல முகாம்களில் வதைபட்டபின்பே மீண்டார். பிறரைத் தப்புவித்த கையைக் காக்க இயலாமற் போனது ஃபிரையின் கணக்கில் தீராத பற்று.

செப்டம்பரில் 69 வயது ஹைன்ரிஹ் மான், பிரான்ஸ் வெர்ஃபல் முதலியோர் பிரனீஸ் மலையை நடந்தே கடந்தனர். அவர்களின் பெட்டிகளைச் சுமந்து ஃபிரை இரயிலில் எல்லை தாண்டினார். ஜெர்மானியச் சோசலிசத் தலைவர்கள் ஹில்ஃபர்டிங்கும் பிரைட்ஷைடும் கள்ளவழியில் செல்ல உடன்படவில்லை. 1941 பிப்ரவரியில் இருவரும் ஜெர்மானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். ஹில்ஃபர்டிங் அம்மாதமே காவலில் மடிந்தார். பிரைட்ஷைட் 1944இல் புகன்வால்ட் முகாமில் மாண்டார். அவர்களை வற்புறுத்தி இழுத்துச் சென்றிருக்க வேண்டுமா என்பது எளிதில் தீரும் வழக்கன்று.

ஃபிரையின் போக்கு அமெரிக்க அரசுக்கும் பிடிக்கவில்லை. காலாவதியான கடவுச்சீட்டைப் புதுப்பித்துத் தரத் தூதரகம் மறுத்தது. துணைத் தூதர் ஹைரம் பிங்கம் மட்டும் துணிந்து விசாக்கள் வழங்கினார். 1941 செப்டம்பரில் ஃபிரை பிரான்சிலிருந்து வெளியேற்றப்பட்டார். அதற்குள் ஏறத்தாழ 2000 பேர் தப்பியிருந்தனர். ஷாகால், ஹன்னா அரென்ட் ஆகியோரை உலகம் அறியும். மற்றவர்களுள் பலர் பெயரற்றவர்கள்.

தாயகத்தில் அவரைக் கொண்டாடுவார் இல்லை. பிற்காலத்தில் பள்ளி மாணவர்க்கு இலத்தீன் கற்பித்து வாழ்ந்தார். 1967இல் பிரான்சு தன் லீஜியன் ஆஃப் ஆனர் விருதை அளித்தது. அவ்வாண்டு செப்டம்பரில், கனெக்டிகட்டில், தம் 59ஆம் வயதில் தனியே இறந்து கிடந்தார்.